ஐந்து வெள்ளிக்கு ஒரு தீர்ப்பு: வராத கிரைண்டரும் பயனீட்டாளர் தீர்ப்பாயமும்

உணவகத்தையோ கைப்பேசியையோ மதிப்பிட்டு எழுதுவதுபோல, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தையும் காசு கட்டிப் பெறும் ஒரு சேவையாக வைத்து மதிப்பிட்டால் என்ன என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். வாங்கியவர் விற்றவர்மேல் கொண்டுவரும் கோரிக்கைகளை விசாரிக்கும், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்று அழைக்கப்படும் அந்த மன்றத்தில் கோரிக்கையைப் பதிவுசெய்யும் கட்டணம் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட். நான் மீட்க வேண்டியிருந்த தொகை 709 வெள்ளி. இரண்டு லிட்டர் மாவு அரைக்கும், சாய்த்து ஊற்றக்கூடிய கல் கிரைண்டர் ஒன்றின் விலை 689 வெள்ளி. அதைப் பினாங்குத் தீவுக்கு அனுப்பிவைப்பதற்கென்று தனியே 20 வெள்ளி.

ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் அம்மாவின் பழைய கிரைண்டர் கடந்த ஆகஸ்டில் முழுவதுமாக நின்றுபோனது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கையில், வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சி ஒன்றில் அதைவிட நல்லதாகத் தெரிந்த ஒன்றை அம்மா பார்த்தார். திரையில் ஓடிய எண்ணுக்கு நான் அழைத்தேன். பேசியவர் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்பினார். அதில் முகவரியை நிரப்பி, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றினேன். ஏழு வேலை நாள்களில் பொருள் வீட்டுக்கு வரும் என்ற உறுதி அந்தப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. விற்பனையாளரின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. விவகாரம் முடிந்துவிட்டது, பெயரைச் சொல்வதால் இனி எனக்கோ வாசிப்பவருக்கோ ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏழு நாள்கள் பதினான்காயின, பதினான்கு முப்பதாயின. கிடங்கில் சரக்கு குறைவு என்றார்கள். கப்பல் கிள்ளான் துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள். கூரியர் நிறுவனத்தில் நெரிசல் என்றார்கள். இவற்றுக்கு நடுவே எனக்கு ஒரு கூரியர் கண்காணிப்பு எண்ணும் அனுப்பப்பட்டது. அந்த எண்ணைத் தட்டினால், அனுப்புநர் பொட்டலத்தின் விவரங்களைப் பதிந்திருக்கிறார் என்ற ஒரே வரி மட்டும் வந்தது. மறுநாளும் அதே வரி, பத்தொன்பது நாள் கழித்தும் அதே வரி. பலர் இந்த இடத்தில் ஏமாந்து கூரியர்காரரைத் திட்டுகிறார்கள். அந்த வரியின் பொருள், விற்பனையாளர் ஒரு முகவரிச் சீட்டை அச்சிட்டிருக்கிறார், பொட்டலம் இன்னும் கூரியரின் கைக்குப் போகவே இல்லை என்பதுதான். பொட்டலம் எடுக்கப்பட்டுவிட்டது, வரிசைப்படுத்தும் நிலையத்தை அடைந்துவிட்டது என்ற அடுத்த வரி வந்த பிறகு காணாமல் போனால்தான் கூரியரைக் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட புகார்களுக்குத் தகவல்தொடர்பு, பல்லூடக ஆணையம் இருக்கிறது. என் வழக்கில் கூரியர் நிறுவனத்திற்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை அந்தப் பக்கத்தை வாரத்திற்கு ஒருமுறை தேதியோடு படமெடுத்து வைத்ததால் என்னால் காட்ட முடிந்தது. வேறு எந்தக் காகிதத்தையும்விடப் பிற்பாடு அதுவே அதிகம் உதவியது.

தீபாவளி வந்து போனது. அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் கிரைண்டரை இரவல் வாங்கி முறுக்குக்கு உளுந்து அரைத்தார். அதற்கு மறுவாரம் நிறுவனத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது: பணத்தைத் திருப்பித் தருவது தங்கள் கொள்கையில் இல்லை என்றும், அதற்குப் பதிலாக 750 வெள்ளிக்கு மூன்று மாதம் செல்லும் பற்றுச்சீட்டு தருவதாகவும் மிகவும் கனிவான குரலில் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “வராத கிரைண்டருக்கு வராத வவுச்சரா? வேண்டாம்னு சொல்லும்மா” என்றார். நானும் அப்படியே சொன்னேன்.

நிறுவனத்தின் கொள்கை என்று சொல்லப்படுவது சட்டத்திற்கு மேலானது அன்று என்பதைப் படித்தவர்கள்கூட அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பொருளைக் கொடுக்கும் எண்ணமில்லாமல் பணம் வாங்குவதை மட்டும் தடுப்பதோடு நிற்கவில்லை. குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலத்திற்குள், பொருளைக் கொடுக்க முடியும் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இல்லாமல் பணம் வாங்குவதையும் அது தடைசெய்கிறது. சரக்கு கையில் இல்லாமலேயே “ஏழு நாளில் வரும்” என்று எழுதிப் பணம் பெறுவது இதற்குள் வந்து விழக்கூடும். இந்தச் சட்டம் வந்த புதிதில் மின்னியல் வழி நடக்கும் வாணிபம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. 2007இல் செய்யப்பட்ட திருத்தம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. அதன்பின் 2013 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகள், இணையத்தில் விற்பவர் தம் பெயர், நிறுவனப் பதிவெண், தொடர்பு முகவரி, பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் வந்து சேரும் உத்தேச காலம் ஆகிய எட்டையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்றன. எனக்கு அனுப்பப்பட்ட பக்கத்தில் இந்த எட்டில் விலையும் நாள்களும் கொட்டை எழுத்தில் இருந்தன. பதிவெண்ணைக் காணவில்லை.

அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. தொலைக்காட்சித் திரையில் வந்த வணிகப் பெயர் ஒன்று. பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கில் இருந்த பெயர் இன்னொன்று. வாட்ஸ்அப் எண்ணின் மேல் தெரிந்த பெயர் மூன்றாவது. கூரியர் பக்கத்தில் அனுப்புநர் என்று இருந்தது நான்காவது. யார்மேல் வழக்குப் போடுவது? தீர்ப்பாயத்தின் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும், எதிர்மனுதாரர் என்ற கட்டத்தில் சட்டப்படி இருக்கும் ஒருவரின் பெயரையும், கடிதம் போய்ச் சேரக்கூடிய ஒரு முகவரியையும் எழுத முடியாவிட்டால் உள்ளே போக முடியாது.

பினாங்கில் எங்கள் பெற்றோரின் தலைமுறைக்குப் பயனீட்டாளர் என்ற சொல்லே பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழியாகத்தான் பழக்கமானது. மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அரை நூற்றாண்டுக் காலம் அதை நடத்திய விதத்தை ஊரே அறியும். அரிசியிலும் மருந்திலும் வட்டிக்கடையிலும் ஏமாறாதீர்கள் என்று சங்கத்தின் தமிழ் இதழ் சொன்னதை அம்மா இன்றும் ஒப்பிப்பார். “கிரீன் லேனுக்குப் போய்க் கேளு” என்று அவர் என்னைச் சங்கத்தின் அலுவலகத்துக்கு அனுப்பினார். ஜாலான் மஸ்ஜித் நெகிரி என்று பெயர் மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் எங்கள் வீட்டில் அந்தச் சாலை கிரீன் லேன்தான். தமிழிலேயே விஷயத்தைச் சொல்ல முடிந்தது. வங்கிக் கணக்கின் பெயரையே பிடித்துக்கொள்ள வேண்டும், காசு எங்கே போனதோ அதுதான் எதிர்மனுதாரர் என்ற தெளிவோடு அங்கிருந்து திரும்பினேன்.

கணக்கின் பெயர் ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது ஒரு தனியார் நிறுவனம். மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் இணையச் சேவையில் சில வெள்ளிகள் கட்டினால் எந்த நிறுவனத்தின் விவரத் தாளையும் எடுத்துவிடலாம். அதில் இரண்டு முகவரிகள் இருந்தன: பதிவு முகவரி ஒன்று, வணிக முகவரி ஒன்று. பதிவு முகவரி பெரும்பாலும் நிறுவனச் செயலாளரின் அலுவலகமாக இருக்கும். பெயர்ப் பலகையில் நாம் தேடும் பெயரே இருக்காது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் முடிந்த இந்த வேலையை ஒன்றரை மாதம் முன்பே செய்திருக்கலாம், பணம் கட்டுவதற்கு முன்பு செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த நிறுவனம் பதிவுபெற்று எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் கேட்டபோது, வாடிக்கையாளர் தாமே ஒப்புதல் கொடுத்துச் செய்த பணமாற்றத்தை வங்கி தானாகத் திருப்ப முடியாது என்றார்கள். கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று அட்டை வழங்கிய வங்கியிடமே மறுப்பு மனுக் கொடுத்திருக்கலாம். இனி முன்பின் அறியாத இடத்தில் வாங்கினால் அட்டையில்தான் கட்டுவேன். 2022இல் தொடங்கப்பட்ட 997 என்ற எண், மோசடிக்காரர் கையில் பணம் சிக்கிய உடனே அதைத் தடுத்து நிறுத்துவதற்கானது. தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டே இழுத்தடிக்கும் விற்பனையாளருக்குப் பொருந்தாது. உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணிலும் இணையத்திலும் புகார் கொடுக்கலாம், நானும் கொடுத்தேன். ஆனால் அமைச்சின் அமலாக்கப் பிரிவு பார்ப்பது சட்டமீறல் நடந்ததா என்பதை. தீர்ப்பாயம் பார்ப்பது என் 709 வெள்ளியை. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் ஒன்றில் புகார் கொடுத்தால் மற்றதும் தானாக நடக்கும் என்று நினைத்துக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பாயத்தில் கோரிக்கையைத் தனியாகத்தான் பதிவுசெய்ய வேண்டும்.

பதிவுசெய்வதற்கான படிவத்தின் பெயர் போராங் 1. வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பலாம். நான் நேரிலும் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டேன். மலாயில் இருக்கிறது, கடினமான மலாய் அன்று. கோரிக்கையின் விவரம் என்ற பகுதியில் நான் முதலில் எழுதியது ஒரு கதை: அம்மா, தீபாவளி, இரவல் கிரைண்டர், கப்பல், கனிவான குரல் எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு முழுவதையும் அழித்து ஐந்து வரிகளாக்கினேன். இன்ன தேதியில் இவ்வளவு கட்டினேன், இன்ன தேதிக்குள் தருவதாக எழுத்தில் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை, இன்ன தேதியில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், மறுத்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பின்னிணைப்பின் எண். திருமணப் பத்திரிகையில் சேர்க்கவேண்டிய பெயர்களைச் சேர்ப்பதைவிட, நீக்கவேண்டியவற்றை நீக்குவது கடினம் என்பார்களே, அதே பாடுதான்.

அதன்பிறகு அந்தப் படிவத்தின் படியை எதிர்மனுதாரருக்குச் சேர்ப்பிப்பது மனுதாரரின் பொறுப்பு. பதிவு முகவரிக்கும் வணிக முகவரிக்கும் ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவு அஞ்சலில் அனுப்பினேன். வணிக முகவரிக்குப் போனது திரும்பி வந்துவிட்டது. பதிவு முகவரிக்குப் போனதன் ஒப்புகை அட்டை, கோணலாகக் குத்திய ஒரு முத்திரையும் அடையாளம் தெரியாத ஒரு கையெழுத்துமாக என் கடிதப்பெட்டிக்கு வந்தது. அந்த முத்திரையைப் பார்த்தபோதுதான், இரண்டு மாதமாகக் குரலாக மட்டுமே இருந்த நிறுவனத்திற்கு முதல்முறையாக ஓர் உடல் கிடைத்ததுபோல் இருந்தது. படிவம் கிடைத்த 14 நாள்களுக்குள் அவர்கள் போராங் 2இல் எதிர்வாதத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை, ஆனால் விசாரணைக்கு ஆளை அனுப்பினார்கள்.

விசாரணை அறையை நீதிமன்றம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாகவே இருக்கும். நீண்ட மேசை, எதிரெதிரே நாற்காலிகள், தலைமாட்டில் நீதித்துறைப் பின்னணி கொண்ட தலைவர். வழக்கறிஞர் யாரும் கிடையாது; சட்டமே இரு தரப்புக்கும் அதை அனுமதிப்பதில்லை, நிறுவனம் தன் முழுநேர ஊழியரை அனுப்பலாம். இந்த மன்றத்தின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பது என் கருத்து. பெரிய நிறுவனம் பெரிய வக்கீலோடு வந்து நின்றால், 709 வெள்ளிக்காக யார் எதிரே உட்காருவார்கள்? எனக்கு முன் விசாரிக்கப்பட்டது அளவு தவறித் தைக்கப்பட்ட ஒரு சோபாவைப் பற்றியது. அந்த அம்மையார் சோபாத் துணியில் ஒரு முழத்தை வெட்டியெடுத்துப் பையில் கொண்டுவந்திருந்தார்.

நிறுவனத்தின் சார்பில் வந்தவர் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கமாட்டார். கோலாலம்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திருந்தார், கையில் ஒரு காகிதமும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் கப்பல் கதை சொன்ன குரல் அவருடையது அன்று. தலைவர் என்னிடம் கேட்ட கேள்விகள் மூன்று: எப்போது கட்டினீர்கள், எப்போது தருவதாகச் சொன்னார்கள், பொருள் வந்ததா? அடுத்து, கண்காணிப்புப் பக்கத்தின் படங்களை அந்த இளைஞரிடம் நகர்த்தி, இதில் ஏன் ஒரே வரி பத்தொன்பது நாளாக இருக்கிறது என்று கேட்டார். சரக்குத் தரவேண்டியவர் தரவில்லை, வேறு ஒரு மாதிரி இருக்கிறது, அதைத் தரலாம் என்றார் இளைஞர். ஏற்கிறீர்களா என்று தலைவர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். முதலில் இரு தரப்பையும் பேசி உடன்பட வைக்க முயல்வது தீர்ப்பாயத்தின் கடமை. அப்படி ஏற்படும் உடன்பாடும் தீர்ப்பாகவே பதிவாகிறது. 14 நாள்களுக்குள் 709 வெள்ளியையும் திருப்பித் தருவதாக இளைஞர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். உள்ளே போய் வெளியே வர இருபது நிமிடம்தான் ஆனது. பதினோராம் நாள் பணம் கணக்கில் இருந்தது.

இப்போது மதிப்பீட்டுக்கு வருகிறேன். ஐந்து வெள்ளிக்கு இந்த நாட்டில் இதைவிட மலிவாகச் சட்டத்தின் பலம் கிடைக்கும் இடம் வேறு இல்லை. தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் உத்தரவுக்குச் சமமாக வைக்கப்படுகிறது. 14 நாள் கடந்தும் அதை நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து, இயன்றவரை 60 நாள்களுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. கோரக்கூடிய தொகை முதலில் 10,000 வெள்ளியாக இருந்து, 25,000 ஆகி, 2019இன் திருத்தத்திற்குப் பிறகு 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைக் கொண்டுவரலாம் என்பதால், தீபாவளி முடிந்த கையோடு ஓடவேண்டியதும் இல்லை. ஆனால் பதிவுபெற்று எட்டு மாதமான நிறுவனத்தின்மேல் மூன்று ஆண்டு காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அதற்குள் அது இருக்குமா என்பதே கேள்வி.

குறையென்று சொன்னால், இது முகவரி உள்ளவர்களை மட்டுமே பிடிக்கும் வலை. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு முகநூல் விளம்பரம் போடுபவருக்குப் பதிவு அஞ்சலை எங்கே அனுப்புவது? தீர்ப்புக்குப் பிறகும் நிறுவனம் காசில்லாமல் மூடிவிட்டால், சட்டப்படி எல்லாம் என் பக்கம் இருந்தும் கணக்கில் ஒன்றும் வராது. செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நிறுவன விவரத் தாள், இரண்டு பதிவு அஞ்சல், அச்சு, வாகன நிறுத்தம், ஒருநாள் விடுப்பு என்று ஐந்து வெள்ளிக்கு வெளியேயும் கை கடித்தது. ஐம்பது அறுபது வெள்ளிப் பொருளாக இருந்திருந்தால் போயிருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். போயிருக்க மாட்டேன். அப்படிப் போகாதவர்களின் சிறு தொகைகளைக் கூட்டித்தான் சில விற்பனையாளர்களின் கணக்கு நிற்கிறது என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் காலையில் தோசைக்கடை போடுகிறவர். அதே நிகழ்ச்சியைப் பார்த்து, அதே நிறுவனத்திடம் ஐந்து லிட்டர் கிரைண்டருக்குப் பணம் கட்டியிருந்தார். என் கதையைக் கேட்டு அவரும் போராங் 1ஐ நிரப்ப உட்கார்ந்தார். ஆனால் சட்டம் சொல்லும் பயனீட்டாளர், சொந்தத்திற்கோ வீட்டுக்கோ வாங்குபவர். கடையில் மாவரைத்து விற்பதற்கு வாங்கிய கிரைண்டர் அதற்குள் அடங்காது. வீட்டுக்கென்றே எழுதிவிடலாமே என்று அவர் மைத்துனர் யோசனை சொன்னார். ஐந்து லிட்டர் கிரைண்டரில் எந்த வீட்டில் மாவரைப்பார்கள் என்று அக்கா கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. 5,000 வெள்ளிவரை தனிநபர்கள் வழக்கறிஞர் இல்லாமல் தொடுக்கக்கூடிய சிறு கோரிக்கை வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்கிறது. அந்த வழியில்தான் அவர் இப்போது போயிருக்கிறார். நான் எடுத்துவைத்திருந்த நிறுவன விவரத் தாளின் படியை அவரிடம் கொடுத்தேன்.

அம்மாவுக்குப் புதுக் கிரைண்டரை லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினோம். 40 வெள்ளி கூடுதல். பணம் கொடுப்பதற்கு முன், அம்மா கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் கல்லில் ஊற்றி, கடைவாசலிலேயே ஐந்து நிமிடம் அதை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.